அம்மா மெல்போர்ன் வருகிறார், பெட்டியில் கத்தரி விதையும் பால்கோவாவும்: எது போகும், எது போகாது?

கரிசல்காட்டான்
எல்லோருக்கும் வணக்கம். அம்மா முதல் முறையாக விமானம் ஏறப் போகிறார். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கிராமம். சென்னையில் ஏறி சிங்கப்பூரில் மாறி மெல்போர்ன். நேற்றிரவு போனில் கொண்டு வரப் போகிற சாமான்களை வாசித்தார், கல்யாணச் சீர் தோற்றுவிடும். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, மோர் மிளகாய், கறி வடகம், எலுமிச்சை ஊறுகாய், புளி, கசகசா, நெத்திலிக் கருவாடு, கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, என் பெண்டாட்டிக்குப் பிடிக்கும் என்று அல்வா, கறிவேப்பிலை ஒரு கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே விதைகள். எங்கள் தோட்டத்துக் கத்தரி, பீர்க்கு, அவரை. "உன் வீட்டுக்குப் பின்னால இடம் இருக்குன்னு சொன்னியே, நானே போட்டுத் தரேன்" என்கிறார். எது போகும், எது குப்பைக்குப் போகும்? நான் வந்தபோது தனி ஆள், ஒரு பாட்டில் ஊறுகாய் தவிர ஒன்றும் கொண்டு வரவில்லை, அதனால் அனுபவம் இல்லை.

மெல்போர்ன் மாமி
இருபது வருடத்தில் என் அம்மா, மாமியார், நாத்தனார், சித்தி என்று ஏழெட்டுப் பேரை அந்த வரிசையில் நிற்க வைத்து அழைத்து வந்தவள் சொல்கிறேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கொண்டு வருவது குற்றமில்லை, சொல்லாமல் கொண்டு வருவதுதான் குற்றம். விமானத்தில் ஒரு அட்டை தருவார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், பழம், காய் உண்டா என்று ஒரு கேள்வி, தானியம், விதை, கொட்டை, செடி, நாட்டு மருந்து, மரச்சாமான் உண்டா என்று இன்னொன்று. அம்மா இரண்டுக்கும் "ஆம்" போட வேண்டும். அப்படிப் போட்டால் என்ன ஆகும்? பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஆகாததை எடுத்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். அபராதம் கிடையாது. "இல்லை" என்று போட்டு உள்ளே ஒரு கறிவேப்பிலை இணுக்கு இருந்தால்தான் வம்பு.

சரி, உங்கள் பட்டியல். பால்கோவா வேண்டவே வேண்டாம். நம் ஊரில் மாட்டுக்கு வரும் கோமாரி நோய் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் இல்லை, அதனால் நம் பக்கத்துப் பால் பொருள் என்றாலே கை வைப்பார்கள். பேடா, பர்பி, குலாப் ஜாமூன் எல்லாம் இதில் சேர்த்தி. அல்வாவில் இருப்பது கோதுமைப் பால்தானே என்று நான் ஒரு தடவை வாதாடப் போய், "பால்" என்ற வார்த்தையே அந்த அதிகாரியைக் கலவரப்படுத்திவிட்டது. நெய் வேறு ஊற்றியிருக்கும். நான் கொண்டு வருவதில்லை.

மோர் மிளகாய் போகாது. 2020லிருந்து, சேமித்த தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டுக்காக ஒரு தடைப்பட்டியல் போட்டிருக்கிறார்கள். அரிசி, கோதுமை, கொண்டைக்கடலை, பருப்பு வகை, சீரகம், கொத்தமல்லி விதை, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய் எல்லாம் பயணிகளின் பெட்டியில் வரக் கூடாது. நம் அஞ்சறைப் பெட்டியைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். ஆனால் கம்பெனியில் வறுத்தோ பொரித்தோ பதப்படுத்திப் பாக்கெட் போட்டது என்றால் விலக்கு உண்டு. கடலை மிட்டாய் அந்தக் கணக்கில் தப்பிக்கும், ஒட்டுப் பிரிக்காத பாக்கெட்டாக வாங்கச் சொல்லுங்கள், வீட்டில் உருட்டியது வேண்டாம். பொடிகளும் அதே மாதிரிதான். கடையில் வாங்கிய பாக்கெட்டை எடுத்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. வீட்டில் இடித்த பொடியை ஒரு முறை முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார்கள், ஒரு முறை தரவில்லை. அங்கே நிற்பவரின் தீர்ப்பு அது.

கறிவேப்பிலை போகாது. விதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தோட்டத்தில் பறித்துக் காகிதத்தில் மடித்த விதைக்கு வழியே இல்லை. கம்பெனிப் பாக்கெட், அதில் தாவரவியல் பெயர், அந்த இனம் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும், மண்ணோ பூச்சியோ வேறு விதையோ கலந்திருக்கக் கூடாது. பைகான் என்று அரசாங்கத் தளம் ஒன்று இருக்கிறது, பொருளின் பெயரைப் போட்டால் விதி வரும். பயணத்துக்கு முந்தின வாரம் பாருங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு இறங்குவார். என் மாமியார் அப்படித்தான் வந்தார், சென்னையில் வைத்த மல்லிகை. மோப்ப நாய் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பாவம், நடுங்கிப் போனார்.

பேர்த் பாண்டி
மாமி பயமுறுத்துகிறார். பதினைந்து வருடமாகக் கொண்டு வருகிறோம், ஒருத்தரும் தொட்டதில்லை. விதையைச் சாம்பார்ப் பொடிக்குள் புதைத்துவிட்டால் முடிந்தது. ஒரு கைப்பிடி கத்தரி விதையில் இந்த நாடு மூழ்கிவிடுமா?

மெல்போர்ன் மாமி
பாண்டி, எக்ஸ்ரேயில் பொடியும் விதையும் ஒரே மாதிரி தெரியாது. பிடிபட்டால் நீங்களா போய் நிற்பீர்கள்? அறுபது எழுபது வயதில் ஒரு அம்மா நிற்பார், மொழி தெரியாமல். அங்கேயே எழுதித் தருகிற அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். 2019லிருந்து விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பும் அதிகாரமும் இருக்கிறது. அந்த வருடமே சிட்னியில் ஒரு பெண்மணியை அப்படி அனுப்பினார்கள், சொல்லாமல் பன்றி இறைச்சியும் வேறு சாப்பாட்டுப் பொருள்களும் கொண்டு வந்ததற்கு. பக்கத்து நியூசிலாந்தில் மறந்து போன ஒரு ஆப்பிளுக்கே 400 டாலர் அங்கேயே தீட்டிவிடுவார்கள்.

அப்புறம் உங்கள் பேர்த்துக்குள் சிட்னியிலிருந்து ஒரு தேன் பாட்டில் கொண்டு வர முடியுமா? ஒரே நாட்டுக்குள்ளேயே உங்கள் மாநிலம் தேனையும் பழத்தையும் மறிக்கிறது. அதை மட்டும் பொறுத்துக்கொள்கிறீர்கள்.

ஜெர்சிக்காரன்
அமெரிக்காவிலிருந்து எழுதுகிறேன், விதி வேறு, சங்கதி ஒன்றுதான். இங்கே கறிவேப்பிலைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நானும் முதலில் சிரித்தேன். அந்த இலையில் உட்காருகிற ஒரு குட்டிப் பூச்சிக்கு ஆசிய எலுமிச்சைச் சாறுண்ணி என்று பெயர், கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டிலும் வாழும். அதுதான் ஆரஞ்சு மரங்களுக்கு, பழம் பழுக்காமல் பச்சையாகவே நின்றுவிடும் பச்சையாதல் நோயைப் பரப்புகிறது. புளோரிடாவில் பூச்சியை 1998இலும் நோயை 2005இலும் கண்டார்கள். அதற்கு முன் ஒரு பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், இப்போது 2 கோடிப் பெட்டிக்கும் கீழே. புயலும் ஒரு காரணம் என்பார்கள், ஆனால் முக்கியமாக இந்த நோய். ஒரு கட்டு கறிவேப்பிலை என்று நாம் சொல்வதை அவர்கள் அந்தக் கணக்கில் பார்க்கிறார்கள்.

கப்ரா வண்டுக்காக 2011லிருந்து இந்தியாவிலிருந்து வருகிற பயணி அரிசி கொண்டு வர முடியாது, பொன்னி ஒரு கிலோ என்றாலும். அந்த வண்டின் புழு சாப்பாடே இல்லாமல் வருடக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்குமாம், மருந்துப் புகைக்கும் லேசில் சாகாது. அது நம் மண்ணைச் சேர்ந்த வண்டு என்பது கொஞ்சம் கூச்சமான விஷயம்.

சிரிக்க ஒன்று. 2021ல் வாஷிங்டன் பக்கத்து டலஸ் விமான நிலையத்தில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெட்டியில் இரண்டு வரட்டி கண்டெடுத்து அழித்தார்கள். எந்த ஹோமத்துக்கோ. இங்கே 1929க்குப் பிறகு கோமாரி வந்ததில்லை, மாட்டுச் சாணம் என்றால் சும்மா விடுவார்களா?

கரிசல்காட்டான்
நன்றி மாமி, நன்றி ஜெர்சி. அட்டையில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படித்தேன், கடந்த 30 நாளில் பண்ணைக்குப் போனீர்களா, கால்நடையோடு பழகினீர்களா என்று. அம்மா காலையில் இரண்டு மாட்டில் பால் கறந்துவிட்டுத்தான் காபியே போடுவார். என்ன செய்வது?

மெல்போர்ன் மாமி
"ஆம்" போட வேண்டியதுதான். செருப்பைப் பார்ப்பார்கள், அடியில் மண்ணோ சாணமோ இருக்கக் கூடாது. புதுச் செருப்பு வாங்கிக் கொடுங்கள், ஊரில் போட்டதை ஊரிலேயே விட்டு வரட்டும். மகன் வீட்டுக்கு வருவதற்கு ஒரு புதுச் செருப்பு வாங்கித் தர மாட்டீர்களா?

சிராங்கூன் சாலை
எல்லோரும் ஆஸ்திரேலியாவையே பேசுகிறீர்கள், பட்டியலில் கசகசா இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. சிங்கப்பூர் வழியாக வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து அதை எடுத்துவிடுங்கள். கசகசா என்பது அபினிச் செடியின் விதை. இங்கே போதைப்பொருள் தடுப்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் அதை உள்ளே கொண்டு வர முடியாது. அமீரகத்திலும் தடை, துபாய் வழியாகப் போகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். விமானம் மாறுவதால் பெட்டி நேரே போய்விடும் என்பீர்கள். விமானம் ரத்தாகி ஒரு இரவு வெளியே தங்க வேண்டி வந்து, பெட்டியைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினால்? செடி கொடிக்குப் போடுகிற அபராதத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை இது. குருமாவுக்கு முந்திரியை அரைத்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. என் மாமியார் பொட்டுக்கடலை போடுவார், தெரியும்.

பேர்த் பாண்டி
சரி, ஒளிக்கச் சொன்னது தப்பு, வாபஸ். ஆனால் ஒன்று கேட்கிறேன். 1859ல் விக்டோரியாவில் ஒரு துரை வேட்டையாட ஆசைப்பட்டு இரண்டு டஜன் முயலை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து அவிழ்த்துவிட்டான், அது நாடு முழுக்க மேய்ந்து தீர்த்தது. 1935ல் கரும்பு வண்டைத் தின்னும் என்று குவீன்ஸ்லாந்தில் தேரையைக் கொண்டு வந்து விட்டார்கள். அது வண்டைத் தின்னவில்லை, மற்ற எல்லாவற்றையும் தின்றது. இதையெல்லாம் செய்தவர்கள் என் அப்பத்தாவின் முருங்கை விதையைப் பார்த்துக் குற்றவாளி போல நடத்துகிறார்கள். அதில்தான் எனக்கு எரிச்சல். நம் ஊர் விதை போய்விட்டால் கடையில் கிடைக்குமா? அந்தக் கத்தரி அந்தக் கிராமத்தில் மட்டும்தான் இருக்கும்.

தென்னந்தோப்பு
பாண்டி அண்ணே, கோபம் நியாயம்தான். நான் பொள்ளாச்சிக்காரன், வெளிநாட்டில் இல்லை, பாஸ்போர்ட்டே இல்லை. தங்கச்சி துபாயில் இருப்பதால் இதையெல்லாம் படிப்பேன். மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

2016ல் எங்கள் பக்கத்துத் தென்னையில் மட்டைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஏதோ ஒட்டியிருந்தது. கோலம் போட்ட மாதிரி இருந்தது என்று முதலில் வேடிக்கை பார்த்தோம். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி, இந்தியாவில் முதல் முதலாகக் கண்டது எங்கள் பொள்ளாச்சியில். எங்கள் வீட்டுக்கே அப்படி ஒரு பெருமை. அது சாற்றை உறிஞ்சி, தேன் போல ஒழுகவிட்டு, அதன் மேல் கரும்பூஞ்சணம் படர்ந்து, தோப்பே அடுப்புக்கரி பூசியது போல ஆகிவிட்டது. கீழே ஊடுபயிராக வாழை, கோகோ வைத்தவனுக்கும் அதே கதி. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினோம், அந்த ஈயை அழிக்கிற என்கார்சியா குளவி விட்டோம், கரும்பூஞ்சணத்தைப் போக்க மைதாப் பசை காய்ச்சித் தெளித்தோம். ஆமாம், சினிமா போஸ்டர் ஒட்டுகிற அதே மைதா. காய்ந்து உரியும்போது கருப்பையும் உரித்துக்கொண்டு வரும்.

அதற்கு முன் 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோப் பக்கத்துச் சரக்கு. பப்பாளியோடு விடவில்லை, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை வெள்ளையாக. பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலையில்லாமல் நின்றார்கள். 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. மருந்தடித்து மருந்தடித்துக் கடனாளி ஆனவர்கள் கண்ணீர் விட்டார்கள் அந்தக் குளவியைப் பார்த்து.

இதையெல்லாம் யார் கொண்டு வந்தார்கள்? யாருக்கும் தெரியாது. கப்பலா, நாற்றா, ஒரு பையா. கொண்டு வந்தவருக்கே தெரிந்திருக்காது. நம் நாட்டுக்கும் இதே மாதிரிச் சட்டம் உண்டு, 2003ல் போட்ட பயிர்த் தொற்றுத்தடுப்பு ஆணை. வெளிநாட்டிலிருந்து விதை கொண்டு வர அனுமதிச் சீட்டும் அந்த நாட்டுப் பயிர்நலச் சான்றிதழும் வேண்டும். லீவுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் அதை நினைக்கிறார்கள்? "இது தாய்லாந்துக் கொய்யா, இது மலேசியப் பலா" என்று கையில் திணிக்கிறார்கள், வாங்கி நடுகிறோம்.

ஒடியல்கூழ்
பொள்ளாச்சிக்காரர் சொன்னதை எங்கட இலங்கையில் பாட்டன் பூட்டன் காலத்திலேயே அனுபவித்துவிட்டார்கள். மலைநாடு முழுக்கக் கோப்பித் தோட்டமாக இருந்த காலம். 1869ல் இலைத்துரு நோய் வந்தது, இலையின் கீழே மஞ்சள் தூள் மாதிரிப் பிடித்து உதிர்ந்துவிடும். இருபது வருடத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. இப்ப சிலோன் டீ என்று உலகம் குடிப்பதே ஒரு பூஞ்சணம் செய்த வேலையால்தான். கோப்பிக்கு வந்த கூலிகள், தேயிலைக்கு வந்த கூலிகள், அது தனிக்கதை, இங்கே கதைத்தால் இழை திசை மாறிப் போகும்.

நான் இருப்பது டொராண்டோ. இங்கேயும் விதைக்குப் பயிர்நலச் சான்றிதழ் கேட்பார்கள், சொல்லாமல் கொண்டு வந்தால் 1,300 டொலர் வரை தண்டம். அம்மா ஒவ்வொரு முறையும் வறுத்து இடித்த மிளகாய்த்தூளும், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் கொண்டு வருவா. "சாப்பாட்டுச் சாமான் இருக்கு" என்று தானே முதலில் சொல்லிவிடுவா, அவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். பனம் விதை கொண்டு வந்து இங்கே நட வேண்டும் என்று அவவுக்கு ஒரு ஆசை. நான் சனவரியில் வீடியோக் கோல் எடுத்து முற்றத்துப் பனியைக் காட்டினேன், அந்தக் கதை அதோடு முடிந்தது.

நெல்லைத் தம்பி
அங்கே இறங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள், இங்கே ஏறுவதிலேயே இரண்டு சிக்கல் இருக்கிறது. ஊறுகாயையும் எண்ணெய் சேர்ந்த எதையும் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் வாங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மூடியைச் சுற்றி டேப். அடுத்தது கொப்பரை. அதில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று விமானச் சரக்கு விதியில் வைத்திருக்கிறார்கள். என் அத்தையின் பெட்டியைக் கடைசி நேரத்தில் ஏற்றாமல் இறக்கி, அவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே நாலு கொப்பரை, சட்னிக்காம். எந்த விமான நிறுவனம் என்று கேட்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான். 2024 கடைசியில் சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு இருமுடியில் தேங்காயைக் கையில் கொண்டு போக சீசனுக்கு மட்டும் தனியாக அனுமதி கொடுத்தார்கள், அப்படியென்றால் மற்ற நாளில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காட்டான்
இழையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அம்மா வந்து பத்து நாள் ஆகிறது.

கசகசா, பால்கோவா, கறிவேப்பிலை, மோர் மிளகாயை ஊரிலேயே நிறுத்தினோம். மோர் மிளகாய்க்கு ஒரு நாள் பேசவில்லை என்னோடு. பொடியெல்லாம் கோவில்பட்டியில் பாக்கெட்டாக வாங்கியது, "இதெல்லாம் ஒரு பொடியா" என்று சொல்லிக்கொண்டே கட்டினாராம். அட்டையை நான் முன்னாலேயே மாதிரி எடுத்து அனுப்பி, எந்த வரியில் எங்கே கோடு போட வேண்டும் என்று என் தங்கை சொல்லிக் கொடுத்திருந்தாள். பக்கத்து இருக்கையில் வந்த பிள்ளை நிரப்பிக் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் "ஆம்".

வெளியே வர ஒன்றே கால் மணி நேரம். எனக்குத்தான் உயிர் போனது, அவர் சிரித்துக்கொண்டு வந்தார். அந்த அதிகாரிப் பெண் கருவாட்டுப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடல் மீனா என்று கேட்டிருக்கிறார், அம்மா கையை நீச்சலடிக்கிற மாதிரிக் காட்டினாராம். விட்டுவிட்டார்கள். கடலை மிட்டாய் வந்தது, ஊறுகாய் வந்தது. கறி வடகம் குப்பைக்குப் போனது, வீட்டில் செய்தது, உள்ளே முழுக் கடுகு உளுந்து.

விதையை மட்டும் சொல்ல வேண்டும். கொண்டு வராதே என்று நூறு தடவை சொல்லியிருந்தேன், சரி சரி என்றார். இறங்கி நடந்து வரும் வழியில் பெரிய தொட்டி வைத்து, ஆகாததை இங்கேயே போட்டுவிட்டுப் போகலாம் என்று படம் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்த்ததும் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்திருக்கிறார். அவரை விதை. பதினோரு விதை, எண்ணி வைத்திருந்தாராம். போட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. பூவும் அதே தொட்டியில்தான்.

மறுநாள் இங்கே இந்தியக் கடைகள் இருக்கிற டாண்டினாங் பக்கம் கூட்டிப் போனேன். கடையில் கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டார், ரூபாயில் கணக்குப் போட்டுச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. நர்சரியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் இங்கத்திய கம்பெனி அவரை விதை ஒரு பாக்கெட்டும் வாங்கி வந்து நட்டாயிற்று. "இந்த அவரை நம்ம அவரை மாதிரி இருக்காது" என்று தினமும் தண்ணீர் ஊற்றும்போது சொல்கிறார்.

பேர்த் பாண்டி
அந்தப் பதினோரு விதைக்கு எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஊரில் உங்கள் தங்கையிடம் சொல்லி அதே அவரையை விடாமல் போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். இங்கே வராவிட்டாலும் அங்கே போய்விடக் கூடாது.

கரிசல்காட்டான்
அதை அம்மா கிளம்பும் முன்பே செய்துவிட்டார், ஒரு கலயத்தில் சாம்பல் கலந்து எடுத்து வைத்திருக்கிறாராம். மாமி, இன்னொரு கேள்வி. பங்குனியில் என் மாமனார் வருகிறார், மர மத்து ஒன்று கொண்டு வரலாமா?

மெல்போர்ன் மாமி
கொண்டு வரட்டும், "மரச்சாமான்" என்று அட்டையில் போடச் சொல்லுங்கள். துளை இருக்கிறதா, மாவு உதிர்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். பழைய மத்து வேண்டாம், புதிதாக வாங்கச் சொல்லுங்கள், பட்டை ஒட்டாத மரமாக. மோர் கடைந்த வாசனையோடு கொண்டு வந்தால் அப்புறம் பால் பொருள் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.